மழைக்கு முன் பழைய கார்கள்: பொதுக்குழுவில் பேசியது



2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. இப்போது மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுகிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை.

நம் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் அம்பாசடர், பத்மினி நிற்கின்றன. தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தச் செலவைச் சாதாரண பாலிசி தராது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எஞ்சின் ஆயில், பெட்ரோல் டேங்க், பிரேக் டிரம் எல்லாம் பார்த்த பிறகுதான் சாவி.

பழைய வண்டிதானே என்று பலர் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டுகிறோம். (வங்கியில் இருந்தவன், அடுத்தவர் பத்திரத்தையும் படிக்கும் பழக்கம் போகவில்லை.) வெள்ளச் சேதத்துக்கு அதில் ஒரு பைசா வராது. முழு பாலிசி எடுத்தாலும், 5 வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ரிப்பேர் பில், போட்டோ கையில் இருந்தால் பேசலாம். அவர்கள் வண்டியை நேரில் பார்ப்பார்கள், ஆகவே செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். போன மழையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு காரைத் தள்ளினோம். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது.