வல்லாரையும் அம்மாவின் மறதியும்



எங்கள் வகுப்புத் தோழிகளில் பலர் இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, என்ன குளிசை வாங்கலாம்?" வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய போத்தல்கள் சம்பூர் வீடுகளிலும் அடுக்கியிருக்கின்றன. ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று அவற்றில் எழுதியிருக்கும். யாரில் நிரூபித்தார்கள் என்று எழுதியிருக்காது.

பெரும்பாலும் எலிகளில்தான். 2016இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநில ஆய்வாளர்கள், 18 மாத வயதான சுண்டெலிகளுக்கு இரண்டு வாரம் குடிநீரில் வல்லாரைச் சாறு கலந்து கொடுத்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்கடியில் மறைத்துவைத்த மேடையைத் தேடவிட்டார்கள். வல்லாரை குடித்த கிழ எலிகள் மேடையை விரைவாகக் கண்டுபிடித்தன. இளம் எலிகளில் பலன் சிறிதே. நேர்மையான ஆய்வு, நம் வீட்டுக் கீரை என்பதால் எனக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அளவைப் பாருங்கள். டெல்லி ஆய்வொன்றில் எலியின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். வழமையான முறையில் மனிதருக்கு மாற்றினால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் அளவில் வரும். அது இலையல்ல, வற்றவைத்த சாறு. வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடுங்கள். சாற்றுக் குளிசை வேறு விஷயம். அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் சில அறிக்கைகள் உண்டு.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்றில்லை. ஜின்கோ இலைச் சாறும் விலங்காய்வுகளில் நம்பிக்கை தந்ததுதான். 75 வயதைத் தாண்டிய 3069 பேரை அமெரிக்காவில் ஆறு ஆண்டளவில் பின்தொடர்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மறதிநோயை அது தடுக்கவில்லை.

கூட்டில் வளரும் எலிக்கு ஒரே சாப்பாடு, ஒரே வெளிச்சம். நம் அம்மாமார் 2006இல் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காய் இருந்து, வெறுங்காணிக்குத் திரும்பியவர்கள். அவர்களுடைய மறதிக்குள் நித்திரையின்மையும் துக்கமும் கலந்திருக்கலாம். மனச்சோர்வு மறதியைப் போலவே தோன்றும், மருந்துக்குக் கேட்கும். தைரொயிட் குறைவும் அப்படித்தான். நீரிழிவுக்கு நெடுங்காலம் மெற்போமின் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காது மந்தமானவர் கேளாததை நாம் மறதி என்கிறோம்.

என்னை உண்மையில் பயப்படுத்துவது வேறு. போத்தல் வந்ததும் பிரசர் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள், "இரண்டும் சேர்ந்தால் சூடு" என்று. மூளையின் சிறு இரத்தக்குழாய்களைக் கெடுத்து ஞாபகத்தைத் தின்பதில் பிரசருக்கு முதன்மையான பங்குண்டு. அந்தக் குளிசை அரசாங்க கிளினிக்கில் இலவசம்.

அடுத்த முறை அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததையும் மறைக்காமல் மேசையில் வையுங்கள்.