சிறுவன் கொடுத்த அப்பம்



இயேசு அப்பங்களைப் பலுகச் செய்த நிகழ்வை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியிருக்கிறார்கள். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்பவர் யோவான் மட்டுமே. வசதியுள்ளவர் கோதுமை உண்ட காலம் அது. வாற்கோதுமை ஏழையின் உணவு. ஆண்டவர் அதைத்தான் கையில் எடுத்து நன்றி செலுத்தினார்.

நம் அரூர்ப் பகுதியின் வாற்கோதுமை சாமைதான். சித்தேரி மலைச் சரிவுகளில் நம் மலையாளி பழங்குடி மக்கள் மழையை மட்டும் நம்பி விதைத்து வந்த தானியம். சாமைச் சோறு சாப்பிட்டோம் என்று வெளியே சொல்ல நம்மில் பலர் கூசினோம். ரேஷன் அரிசி வந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி மலையேறியது. மரவள்ளியைக் குறை சொல்ல வேண்டாம். கையில் காசு தந்த பயிர் அது. ஆனால் கிழங்கு விலை விழுகிற ஆண்டில் வீட்டுக் குதிரில் தானியமும் இருப்பதில்லை.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம், அதன் உமி. கேழ்வரகை அப்படியே அரைத்துக் களி கிண்டிவிடலாம். சாமையை உரலில் இட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. ஆண்கள் கூடிப் பேசும் கூட்டங்களில் இது காதில் விழுவதே இல்லை! கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கவனித்தது. உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்க் குழுக்களின் பொறுப்பில் வைத்தது. குழுக்களே அரிசியும் மாவும் ஆக்கி விற்கக் கற்றுக்கொண்டன.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். கேழ்வரகுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. 2023-24இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். சாமைக்கு அப்படி ஒரு விலை இல்லை. வியாபாரி சொன்னதே விலை. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நகரத்தில் அதை அழகான பையில் வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு சித்தேரிக்குத் திரும்புகிறது?

வருகிற தைப் பொங்கல் திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் நாம் வைக்கும் பொங்கலைச் சாமையில் வைப்போம். அதற்கான சாமையை மலையில் விளைவித்த குடும்பங்களிடமே நேரில் வாங்குவோம், பேரம் பேசாமல்.