பனியாற்றின் நடுவே கூடாரம்: வீண் வம்பா, விவேகமா?



“இயற்கையைக் காண ஆபத்தை விலைக்கு வாங்கலாமா?” என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் அலாஸ்காவை எடுத்துக்காட்டினார். பனியாறுகளுக்கு இடையே கயாக் வலித்துக்கொண்டு போய், கரையில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்களே, கப்பலில் போனால் சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கலாமே என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் அதே அலாஸ்காவுக்கே வருகிறேன்.

அங்கே கிளேசியர் பே என்று ஒரு வளைகுடா இருக்கிறது. 1794-ஆம் ஆண்டு கேப்டன் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைய வழியே இல்லை. வாயிலை அடைத்துக்கொண்டு பனிச்சுவர் நின்றது. 1879-ஆம் ஆண்டு ஜான் மியூர் போனபோது அந்தப் பனி 50 கிலோமீட்டருக்குக் குறையாமல் பின்வாங்கியிருந்தது. 1916-இல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்! மியூர் தனியாகவா போனார்? கிளிங்கிட் பழங்குடியினர் துடுப்பு வலித்த மரப்படகில்தான் போனார். பனி முன்னேறி வந்து துரத்துவதற்கு முன் அந்த மக்களின் மூதாதையர் வாழ்ந்த மண் அது. ஆக, அவ்வளவு பெரிய இயற்கை அறிஞருக்கே வழிகாட்டி தேவைப்பட்டார்கள்.

வழிகாட்டி என்றால் முன்னால் போய்க் கை காட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலை சமையலிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே கடல் ஏற்ற இறக்கம் 7 மீட்டருக்கும் மேல் போகும் நாட்கள் உண்டு. எனவே சமைப்பதும் சாப்பிடுவதும் அலை வந்து கழுவிவிட்டுப் போகும் இடத்தில். உணவு வாசனையைக் கடலே கொண்டுபோய்விடும். மிச்ச உணவு கரடியால் திறக்க முடியாத உருளைப் பெட்டிக்குள், கூடாரத்திலிருந்து தள்ளி. கூடாரம் ஏற்றநீர் தொடாத மேட்டில். கயாக்கையும் தூக்கி மேலே வைக்க வேண்டும். சோம்பல்பட்டுக் கீழேயே விட்டால் காலையில் படகு இருக்காது. நடந்து வர சாலையும் இல்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் கடுமை. நம் பிள்ளைகள் புலாவ் உபின் கடலில் கயாக் கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். அங்கே விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுப்படாது. ஏறக்குறைய 10 நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. நீந்தத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வேற்றுமை எல்லாம் அப்போது இல்லை. ஈரம் புகாத முழு உடையும் உயிர்காப்பு அங்கியும் அதற்காகத்தான். மிதக்கும் பனிப்பாறை அழகாக இருக்கிறதே என்று பக்கத்தில் போனால் அது சட்டென்று புரண்டுவிடும். பனியாற்றின் முகப்பு உடைந்து விழுந்தால் எழும் அலையோ தொலைவில் இருப்பவரையும் தூக்கி அடிக்கும். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமே” என்று பயணி கெஞ்சும்போது முடியாது என்று சொல்லத்தான் வழிகாட்டிக்குச் சம்பளம்.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். பனி உருகும்போது அதற்குள் பல காலம் அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் படபடவென்று வெடிக்கும். எண்ணெயில் கடுகு தாளிப்பது போன்ற அந்தச் சத்தத்தைக் கயாக்கில் இருப்பவன் கேட்கிறான். கப்பல் எந்திர இரைச்சலில் தேநீர்தான் மிஞ்சும்.

இனி எதிரணி எடுக்கப்போகும் ஆயுதத்தை நானே எடுத்துத் தந்துவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி விடியற்காலையில் அலாஸ்காவின் டிரேசி ஆர்ம் கடற்குடாவில் மலைச்சரிவு பெயர்ந்து கடலில் விழுந்தது. தாங்கி நின்ற பனி விலக விலக, இப்படிப்பட்ட சரிவுகள் பிடிப்பை இழக்கின்றன. எதிர்ப்புறப் பாறையில் தண்ணீர் 470 மீட்டருக்கும் மேல் ஏறியது. வெகு தொலைவில் ஹார்பர் தீவில் கூடாரம் அடித்திருந்த கயாக் பயணிகளின் பொருட்களை அலை வாரிக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் இல்லை. எந்த வழிகாட்டியும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் குடா சுற்றுலாக் கப்பல்கள் வழக்கமாகப் போய்வந்த இடம். அது விடியற்காலையாக இல்லாமல் நண்பகலாக இருந்திருந்தால்? கூடாரத்தில் இருப்பவன் ஆபத்து உண்டு என்று தெரிந்தே போகிறான். மேட்டைப் பார்த்துப் படுக்கிறான். தேநீர்க் கோப்பையோடு நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு ஆபத்து இருப்பதே தெரியாது.

ஆகவே நான் கேட்பது தடை அல்ல, கண்டிப்பு. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி அந்த நீரில் எத்தனை ஆண்டு பழகியவர்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? துணைக்கோளத் தொலைபேசி உண்டா? வானிலை கெட்டால் பயணத்தை நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். நாளைக்கு விமானம், லீவு முடிந்துவிடும் என்று வழிகாட்டியை நெருக்குகிற பயணியும் போக வேண்டாம்.

கப்பலில் ஏறுகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது கேட்கிறார்களா என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது.