வெயிலை விழுங்கும் கரி

சனவரிக் காலையில் மும்பையிலோ கொல்கத்தாவிலோ மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேகம் இருக்காது, ஆனாலும் வானம் நீலமாக இருக்காது. பழுப்பேறிய வெளுப்பு.

வாகனப் புகை, விறகடுப்புப் புகை, தூசி எல்லாம் சேர்ந்த மூட்டம் அது. இதில் சல்பேட் துகள்கள் வெயிலைச் சிதறடித்து ஒரு பகுதியை மேலேயே திருப்பிவிடும். கரித்துகள் அப்படியல்ல. வெயிலை உறிஞ்சி, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். தரைக்கு வரும் வெளிச்சம் குறைகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். இல்லைங்க. மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றானால் காற்று எழும்பாது. புகை நம் மூக்கருகிலேயே தங்கிவிடும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், 2006-இல் மாலத்தீவில் ஆளில்லாக் குட்டி விமானங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு, அங்கே பரவியிருந்த இத்தகைய மூட்டம் காற்றைச் சூடாக்குவதை அளந்தார். கீழ்வளிமண்டலம் வெயிலால் சூடாவதை, இந்த மூட்டம் சுமார் 50 சதவீதம் கூட்டியிருந்தது!

கரியமில வாயு நூறாண்டு தாண்டியும் காற்றில் தங்கும். கரித்துகளோ ஓரிரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். புகையை நிறுத்தினால் பலன் உடனே தெரியும் என்பதால்தான், ராமநாதன் பிறகு வட இந்தியக் கிராமங்களில் விறகடுப்புக்கு மாற்று அடுப்பு தரும் ‘சூர்யா’ திட்டத்தில் இறங்கினார்.