பச்சைக்குள் மறைந்த சாமை

ஒரு ஊர்ல தங்கி, அதோட மாற்றத்தைக் கலைஞர்கள் எப்படிப் படைப்பாக்கலாம்? இன்னிக்கு அதுதான் பேச்சு.

2017-ல் வெளியானது, எண்ணூர்க் கழிமுகப் பகுதியிலேயே படமாக்கப்பட்ட, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. வசவாகிப்போன அந்தச் சொல்லுக்குப் பொதுநிலம்னு பொருள் இருக்கிறதை அது ஞாபகப்படுத்துச்சு. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணுக்குத் தெரியும்.

நம்ம கொல்லிமலையில அப்படியில்ல. சாமையும் தினையும் வெளஞ்ச காடுகள்ல இப்போ மரவள்ளி. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது, காசு வருது. சாமை குத்துற பாடும் பெண்களுக்குக் குறைஞ்சது. ஆனா மலை பச்சையாவே இருக்கிறதால, இழந்தது வெளியே தெரியல.

அதனால, இங்கே தங்கிப் படைக்க வர்றவங்களுக்கு ஒரு வாரம் போதாது. விதைப்புக்கு வாங்க, அறுவடை முடிஞ்சு, உலக்கையும் பிடிச்சுப் பார்த்துட்டு வரையுங்க.