என் வீட்டுச் சுவரில் ஐயர் படம்

"தனித்தமிழ் பேசும் புலவர் வீட்டில், மறைமலையடிகள் படத்துக்குப் பக்கத்தே உ.வே.சாமிநாதையர் படம் எதற்கு?" என நம் தோழர் சிலர் கேட்கின்றனர். ஐயர் உரைநடையில் வடசொல் மலிந்து கிடக்கின்றதாம். கிடக்கின்றது; மறுக்கவில்லை. என் மாணவர் எவரையும் அந்நடையில் எழுத நான் விட்டதுமில்லை.

ஆனால், 1880-இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அந்நூலைக் கற்றிராத அத்தமிழாசிரியர் அதன்பின் வாளா இருந்தாரா? செல்லரித்த ஏடுகள், புள்ளியில்லா எழுத்துகள், கால் எது, ரகரம் எது என்றே தெரியாது. அவற்றினின்றும் 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலம்பு, 1894-இல் நாம் மேடைதோறும் முழங்கும் புறநானூறு! அடிகளார் ஆராய்ச்சியுரை வரைந்த முல்லைப்பாட்டும் அப்பத்துப்பாட்டுள் ஒன்றன்றோ?

அவர் நடையை நான் தொழவில்லை, உழைப்பைத் தொழுகின்றேன். 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரனார் படமும் அச்சுவரில் உண்டு. அவர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை!

படத்தைக் கழற்ற மாட்டேன். இனிக் கேட்க வருவோர் கையில் ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்து, ஒரு பக்கமேனும் படித்துக் காட்டச் சொல்வேன்.