ஆழமற்ற கடலும் சிறு படகும்
பாக் விரிகுடா தரும் பொருளாதாரப் பாடம்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கோடியக்கரைக்கும் தனுஷ்கோடி மணல் திட்டுகளுக்கும் இடையே, தமிழகக் கரையையும் இலங்கையின் வடகரையையும் இரு பக்கமும் கொண்டு அமைந்திருப்பது பாக் விரிகுடா. இதன் ஆழம் பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டருக்கும் குறைவு. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் மீனவ மக்கள் இந்நீர்ப்பரப்பை நம்பி வாழ்கின்றனர்.

ஆழம் குறைவாக இருப்பதே இவ்விரிகுடாவின் செல்வம். கதிரவன் ஒளி அடித்தரை வரை எட்டுவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. இறால், நண்டு, காரல், கணவாய் முதலியவற்றின் குஞ்சுகளுக்கு அப்புல்வெளி தொட்டிலாகவும் உணவாகவும் அமைகிறது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு மேய்வதும் அங்கேதான். ஆழம் குறைவாக இருப்பதே இதன் பலவீனமும் ஆகும். அடித்தரை முழுவதும் மனிதனின் கருவிக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. மீன் ஒதுங்கி ஒளிய ஆழம் இல்லை.

சிறு படகின் தொழில்முறை

வத்தை, வல்லம் எனப்படும் நாட்டுப் படகுகளும், பின்னாளில் வந்த கண்ணாடி இழைப் படகுகளும் இச்சூழலுக்கு ஏற்றவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து மாலையில் சென்று தரையோடு ஒட்டி நண்டு வலையை விரிக்கின்றனர். விடியற்காலையில் சென்று அதை வாங்குகின்றனர். வலை அசையாமல் நிற்கிறது. நடமாடும் நண்டு தானே வந்து சிக்குகிறது. வலைக்கண்ணின் அளவு சரியாக இருந்தால் சிறியவை தப்பிவிடுகின்றன. கடல் சற்றுக் கொந்தளித்தாலும் சிறு படகு இறங்க முடியாது. வாடைக் காற்றுக் காலத்தில் இவ்விரிகுடா கொந்தளிக்கும் நாள்கள் பல. அந்நாள்கள் மீனவருக்கு வருவாய் இழப்பு, மீனுக்கோ ஓய்வு. எந்தச் சட்டமும் இல்லாமலேயே பிடிப்புக்கு ஒரு வரம்பு இவ்வாறு அமைந்திருந்தது.

வருவாயைப் பிரிக்கும் முறையும் கருதத்தக்கது. எண்ணெய் முதலிய செலவுகளைக் கழித்தபின் எஞ்சுவது படகுக்கும் வலைக்கும் உழைப்பவருக்கும் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. இலாபத்தைப் போலவே நட்டத்தையும் அனைவரும் தாங்குகின்றனர். ஆயின் வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேர்கிறது. ஏற்றுமதியாகும் நண்டின் விலை உயர்ந்தாலும் அவ்வுயர்வு முழுமையாகக் கரைக்கு வந்து சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இழுவைப் படகின் வருகை

விடுதலைக்குப் பின் மீன் உற்பத்தியைப் பெருக்குவது நாட்டின் குறிக்கோளாயிற்று. 1960களிலும் 1970களிலும் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. மானியமும் கடனும் பெற்று விசை இழுவைப் படகுகள் பெருகின. உற்பத்தி உயர்ந்தது, அன்னியச் செலாவணி வந்தது, பலர் புதுவாழ்வு பெற்றனர். இதை மறுப்பது நியாயமாகாது. எனினும் திட்டமிட்டவர்கள் படகுகளைக் கணக்கிட்டனர், கடலைக் கணக்கிடவில்லை.

இதை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பத்துப் படகுகள் தலைக்குப் பத்துக் கூடையாக நூறு கூடை பிடிப்பதாகக் கொள்வோம். பதினோராவது படகு வந்தபின் மொத்தம் 104 கூடைதான் கிடைக்கிறது; சராசரி ஒன்பதரைக்குச் சற்றுக் குறைகிறது. புதிதாக வந்தவருக்கு ஏறத்தாழ ஒன்பதரைக் கூடை ஆதாயம். சமுதாயத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததோ நான்கு கூடைதான். மீதி ஐந்தரையும் பிறர் கூடைகளிலிருந்து வந்தது. தனியாருக்கு இலாபமாகத் தோன்றுவதால் பன்னிரண்டாவது படகும் வரும். ஒரு கட்டத்தில் படகு கூடக்கூட மொத்தப் பிடிப்பே குறையத் தொடங்கும். பொதுவளத்தின் இயல்பு இது. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை.

இழுவை மடி தரையை வாரிச் செல்வதால் கடற்புல் சிதைகிறது. விலைபோகாத சிறு மீன்கள் குவிந்து தீவன ஆலைக்குச் செல்கின்றன. இரவில் விரித்த நண்டு வலைகள் இழுவைப் படகின் பாதையில் சிக்கி அறுபடும்போது, ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் ஒரே இரவில் அழிகிறது.

சட்டமும் நடைமுறையும்

இம்மோதல்களின் விளைவாகவே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையை ஒட்டிய மூன்று கடல்மைல் பரப்பு நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப் படகு என்ற ஏற்பாடும் வந்தது. நாள்களைப் பங்கிடும் இம்முறை, கடலைக் கோடுபோட்டுப் பிரிப்பதைவிட எளிதில் கண்காணிக்கத்தக்கது. மீறியவரைக் கரையிலிருந்தே அறியலாம். 2001 முதல் கிழக்குக் கரையில் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாயிற்று.

எனினும் இடநெருக்கடி தீரவில்லை. 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை இராமேசுவரத்துக்கு மிக அருகே செல்கிறது. கரைப்பகுதியை விட்டால் இழுவைப் படகுக்கு எஞ்சுவது குறுகிய நீர்ப்பரப்பே. 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின் வடபகுதித் தமிழ் மீனவர் தம் சிறு படகுகளோடு மீண்டும் கடலுக்கு வந்தனர். 2017இல் அந்நாடு அடித்தரை இழுவை முறையைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லையின் இரு புறத்திலும் சிறு படகுக்காரரின் குறை ஒன்றாகவே இருப்பதை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு தொடக்கத்தில் 80 இலட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு பாதியையும், மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கையும் ஏற்றன. எஞ்சியது வங்கிக் கடனும் பயனாளியின் முதலும். எதிர்பார்த்த வேகத்தில் படகுகள் இறங்கவில்லை. ஒருநாள் சென்று திரும்பியவருக்குப் பல நாள் கடலில் தங்கும் தொழில் புதியது. சூரைமீன் பிடிக்கும் திறனைப் பணத்தோடு சேர்த்து வழங்கிவிட இயலாது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அது காக்கும் கடற்புல்லே நண்டு வலைக்காரரின் வாழ்வாதாரமும் ஆகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, படகு தருவதற்கு முன் அந்நீர்ப்பரப்பு எத்தனை படகுகளைத் தாங்கும் என்பதை அறிதல் வேண்டும். இரண்டாவது, முன்பணத்தின் பிடியிலிருந்து மீனவரை விடுவிக்கும் அளவுக்குக் கூட்டுறவுக் கடனும், உழவர் கடன் அட்டை வசதியும் உரிய காலத்தில் கிடைத்தல் வேண்டும். மூன்றாவது, சினை நண்டைக் கடலில் விடுதல், வலைக்கண்ணின் அளவைக் காத்தல் போன்ற விதிகளை ஊர்க் கூட்டங்களோடு கலந்தே வகுத்தல் வேண்டும். விடியற்காலையில் கடலில் இருப்பவர்கள் அவர்களே.

நாட்டுப் படகு பழமையின் எச்சமெனக் கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. குறைந்த எண்ணெய், குறைந்த முதல், கூடுதல் வேலைவாய்ப்பு, தரைக்குச் சேதமின்மை என்ற நான்கு அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால், ஆழமற்ற கடலுக்கு அதுவே சிக்கனமான கருவி எனத் தெரிகிறது. பிடிபட்ட மீனின் எடையோடு, அடுத்த ஆண்டுக்கு விட்டுவைத்த மீனையும் கணக்கில் சேர்க்கும் திட்டமே இவ்விரிகுடாவுக்குப் பொருந்தும்.